ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் வாசிப்புப் பழக்கம் குறித்த வினாக்களும் தமிழ் வாசகரின் விடைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஐயெல்ட்ஸ் (ஐ.இ.எல்.டி.எஸ்.) முதலான ஆங்கிலப் பேச்சுத் தேர்வுகளுக்கான பயிற்சியில், தேர்வர் என்ன படிக்கிறார், எதை விரும்பிப் படிக்கிறார் என்பவை வழக்கமான வினாக்கள். தமிழில் மட்டும் வாசிக்கும் தேர்வர்களுள் பலர் இவ்விடத்தில் தம் வாசிப்பை மறைத்துவிட்டு, மனப்பாடம் செய்த விடையை ஒப்பிக்கின்றனர். இவ்வழக்கம் தேர்வின் மதிப்பீட்டு முறைக்குப் பொருந்தாதது என்பதையும், தமிழ் வாசிப்பை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும்போது சொல், காலம், ஒப்பீடு, நூல்வகைப் பெயர் ஆகியவற்றில் எழும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பேச்சுத் தேர்வு, வாசிப்புப் பழக்கம், மனப்பாட விடை, மொழியிடைத் தாக்கம், காலம், தமிழ் இதழ்கள்

முன்னுரை

அயல்நாட்டில் உயர்கல்வி பயிலவோ பணிபுரியவோ விரும்புவோர் தம் ஆங்கிலத் திறனைச் சான்றுடன் காட்ட வேண்டியுள்ளது. 1989இல் தொடங்கப்பெற்ற ஐயெல்ட்ஸ் தேர்வு அத்தகைய சான்றுகளுள் பரவலாக ஏற்கப்படுவது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்ட இத்தேர்வில் பேசுதல் பகுதி மட்டுமே தேர்வாளரும் தேர்வரும் நேருக்கு நேர் உரையாடும் முறையில் அமைந்தது. பிரித்தானியாவில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள விரும்புவோர் இத்தேர்வு வழியாகச் சென்றால் பேசுதல் பகுதியில் 7 என்னும் தரநிலையை எட்ட வேண்டும். அரை மதிப்பெண் குறைந்தாலும் ஒரு குடும்பத்தின் திட்டம் தள்ளிப்போகும். இந்த அச்சமே மனப்பாட விடைகளுக்கான சந்தையை உருவாக்குகிறது.

பிறந்த ஊர், வேலை, உணவு ஆகியவற்றைப் பற்றிய வினாக்களுக்குப் பெரும்பாலோர் உண்மையையே சொல்கின்றனர். வாசிப்பு பற்றிய வினாவில் நிலை மாறுகிறது. ‘படிக்கும் பழக்கம் உண்டா?’ என்று ஆங்கிலத்தில் கேட்கப்பட்டவுடன், ‘ஆங்கில நூல்களைப் படிக்கும் பழக்கம் உண்டா?’ என்று கேட்கப்பட்டதாகத் தேர்வர் பொருள்கொள்கிறார். வினாவில் இல்லாத ஒரு சொல்லை அவரே சேர்த்துக்கொள்கிறார். அதன் விளைவாக, பத்து ஆண்டுகளாக வார இதழ்களும் நாவல்களும் படித்துவரும் ஒருவர் தம்மை வாசகரே அல்லர் என்று எண்ணத் தலைப்படுகிறார். தேர்வில் நேரும் இழப்பைவிட இந்த எண்ணம் கவலைக்குரியது.

தேர்வு எதனை அளக்கிறது

பேசுதல் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நிகழ்வது. முதற்பகுதியில் அன்றாட வாழ்வு பற்றிய குறுவினாக்கள் 4 அல்லது 5 நிமிடம் கேட்கப்படும். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை தரப்படும். ஒரு நிமிடம் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை தேர்வர் தனியே பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் அப்பொருளை ஒட்டிய பொதுக்கருத்துகள் 4 அல்லது 5 நிமிடம் விவாதிக்கப்படும். வாசிப்பு என்னும் பொருள் மூன்று பகுதிகளுக்கும் பொருந்தி வருவது.

மதிப்பீட்டுக்கு நான்கு அளவுகோல்கள் உள்ளன: சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கண வீச்சும் திருத்தமும், ஒலிப்பு. நான்கிற்கும் சம எடை. இவற்றுள் ‘பொது அறிவு’ இல்லை. ‘இலக்கியத் தரம்’ இல்லை. படித்த நூல் எம்மொழியில் இருந்தது என்பதும் இல்லை. தேர்வாளர் நூலை மதிப்பிடுவதில்லை, நூலைப் பற்றிய பேச்சை மதிப்பிடுகிறார். உலகப் புகழ்பெற்ற ஆங்கில நாவலைப் பற்றி நான்கு தேய்ந்த தொடர்களைச் சொல்பவரைவிட, மாத நாவல் ஒன்றின் கதைத் திருப்பத்தைத் தடையின்றி விவரிப்பவர் உயர்ந்த தரநிலை பெற வாய்ப்பு மிகுதி.

மனப்பாட விடையின் சிக்கல்

பயிற்சிக் குறிப்புகளில் வழங்கும் விடைகளுக்கு ஒரு குடும்பச் சாயல் உண்டு. புத்தகங்களே சிறந்த நண்பர்கள் என்று தொடங்கும். தேர்வர் தம்மை ‘வொரேஷியஸ் ரீடர்’ என்பார். அரிதாகச் செய்வதைக் கூற ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்னும் மரபுத்தொடர் தவறாமல் வரும். பிடித்த நூலாக அப்துல் கலாமின் ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ குறிக்கப்படும்.

1999இல் வெளிவந்த அந்நூலைக் குறிப்பதில் பிழை ஏதுமில்லை. அதனை ‘அக்கினிச் சிறகுகள்’ என்ற தமிழ் வடிவத்தில் விரும்பிப் படித்தோர் ஏராளம். சிக்கல் அடுத்த வினாவில் எழுகிறது. ‘அதில் எந்தப் பகுதி நினைவில் நிற்கிறது?’ என்று கேட்டால், படித்தவருக்கு விடை உடனே வரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் இரயில் நிற்பது கைவிடப்பட்டதும், ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைச் சேகரிக்கச் சிறுவன் கலாம் உதவியதும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. ஒப்பிப்பவரிடம் இவ்விவரம் இருப்பதில்லை. ‘அது ஊக்கமளிக்கும் நூல்’ என்ற தொடரையே அவர் மூன்று முறை சுற்றிச் சுற்றிச் சொல்வார்.

மனப்பாடம் வேறு வழியிலும் வெளிப்பட்டுவிடும். ஒப்பித்த பகுதியில் குரல் ஏற்ற இறக்கமின்றி விரைந்து ஓடும்; அது தீர்ந்த இடத்தில் திடீரெனத் தடுமாறும். சரளம், ஒலிப்பு ஆகிய இரு அளவுகோல்களிலும் இந்த முறிவு தெரியும். இரண்டாம் பகுதி முடிந்ததும் தேர்வாளர் கேட்கக்கூடிய ஓரிரு குறுவினாக்கள் இம்முறிவை மேலும் தெளிவாக்கிவிடும். பயிற்சியாளர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பள்ளிக் காலம் முழுவதும் கட்டுரையை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற மாணவருக்கு இதுவே பழகிய பாதை.

படித்தலும் வாசித்தலும்

உண்மையைச் சொல்ல முன்வரும் தேர்வருக்கும் இடர்ப்பாடு உண்டு. அது மொழி சார்ந்தது. தமிழில் ‘படித்தல்’ என்னும் வினை கல்வி பயில்வதையும் நூலை வாசிப்பதையும் ஒருங்கே குறிக்கும். ‘பொறியியல் படிக்கிறான்’, ‘கதை படிக்கிறான்’ என இரண்டிற்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் ‘ஸ்டடி’, ‘ரீட்’ என அவை பிரிந்து நிற்கும். எனவே ‘நாவலை ஸ்டடி செய்தேன்’ என்ற பொருள்பட அமையும் வாக்கியங்கள் பிறக்கின்றன. கேட்பவர், தேர்வர் அந்நாவலைப் பாடமாகப் பயின்றதாகப் புரிந்துகொள்வார். ‘வாசித்தல்’ என்பதை முதலில் நினைத்துக்கொண்டால் இம்மயக்கம் குறையும். (வீணை வாசிப்பதையும் அச்சொல் குறிக்கும் என்றாலும் அங்கு மயங்க வாய்ப்பில்லை.) இலங்கைத் தமிழில் நூல் படிப்பதை ‘வாசித்தல்’ என்றே குறிக்கும் வழக்கு வலுவாக இருப்பதால், அங்கிருந்து தேர்வெழுதுவோர் இவ்வகையில் ஓரளவு வசதி பெற்றவர்கள் எனலாம்.

இச்சொல் மயக்கத்திற்குப் பின்னால் ஒரு சமூக உண்மையும் உள்ளது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர் பலர்க்குப் படிப்பு என்பது தேர்வுக்கான படிப்பே. அரசுப் பணித் தேர்வுக்காகப் பழைய சமச்சீர்ப் பாடநூல்களைத் தேடித் தேடிப் படித்தவர், அதனை வாசிப்புப் பழக்கமாகக் கருதுவதில்லை. ஆனால் பேச்சுத் தேர்வில் அது நல்ல பொருள். எந்நேரத்தில் படித்தார், எப்பாடம் எதிர்பாராமல் பிடித்துப்போயிற்று, எதனைப் பாதியில் வைத்தார் என்பன அனைத்தும் பேசத் தகுந்தவை.

காலம் காட்டும் சிக்கல்

பழக்கத்தைக் கூறுவதற்குத் தமிழ் எதிர்கால வடிவத்தை இயல்பாக எடுத்துக்கொள்ளும். ‘தினமும் காலையில் நாளிதழ் படிப்பேன்’ என்றால் அது நாளைய திட்டம் அன்று, நடந்துவரும் வழக்கம். முக்காலத்திற்கும் பொதுவான செய்தியை எக்காலத்தால் கூறுவது என்பதைத் தமிழ் இலக்கணிகள் தனியே சிந்தித்துள்ளனர். நன்னூல் அதனை நிகழ்காலத்தால் கூற விதிக்கிறது. பேச்சு வழக்கிலோ பழக்கத்தைச் சொல்ல ‘படிப்பேன், போவேன், வாங்குவேன்’ என்னும் வடிவங்களே நாவில் முந்தி வருகின்றன.

இவ்வடிவத்தை அப்படியே பெயர்க்கும்போது ‘டெய்லி ஐ வில் ரீட் நியூஸ்பேப்பர்’ என்ற வாக்கியம் உருவாகிறது. ஆங்கிலக் காதுக்கு இது இனிமேல் படிக்கப்போவதாகச் செய்யும் உறுதிமொழி போல ஒலிக்கும். அங்கு வேண்டுவது ‘ஐ ரீட்’ என்னும் எளிய நிகழ்காலம். இதற்கு மாற்றாக ‘ஐ ஆம் ரீடிங்’ என்று தொடர்வினையைப் பயன்படுத்துவோரும் உளர். பழக்கத்தைக் குறிக்க அதுவும் பொருந்தாது. இந்நாள்களில் கையில் இருக்கும் ஒரு நூலைக் குறிக்கவே அது உரியது.

கடந்தகாலப் பழக்கத்தில் நிலைமை தலைகீழாகிறது. ‘சிறுவயதில் ஞாயிறுதோறும் நூலகத்திற்குப் போவேன்’ என்று தமிழில் எதிர்கால வடிவத்தாலேயே கூறுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஐ வுட் கோ’ என்ற வடிவம் உண்டு. ‘வுட்’ என்பது ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவம். ஆக, நிகழ்காலப் பழக்கத்தில் தேர்வரைத் தவறச் செய்யும் அதே தமிழ் உணர்வு, இறந்தகாலப் பழக்கத்தில் அவருக்குத் துணை நிற்கிறது. பயிற்சி வகுப்புகள் பொதுவாக ‘யூஸ்ட் டு’ என்பதை மட்டும் கற்பித்து நிறுத்திவிடுகின்றன. ‘போவேன்’ என்று தமிழில் தோன்றும் இடத்தில், காலம் கடந்ததாயின் ‘வுட்’ என்று காட்டித் தந்தால் கற்பது எளிதாகும். சிறுவயது வாசிப்பு பற்றிய வினா இதற்கு ஏற்ற களம்.

விருப்பத்தைக் கூறுமிடத்தில் ஒப்பீடு இடறும். ‘நாவலைவிடச் சிறுகதை பிடிக்கும்’ என்னும் தொடரில் ‘விட’ என்பதே ஒப்பீட்டை முழுமையாகச் சுமக்கிறது. ‘அதிகம்’ என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘தேன்’ மட்டும் வந்து ‘மோர்’ விடுபட்டால் வாக்கியம் நொண்டும். ‘ப்ரிஃபர்’ என்னும் வினையைப் பயன்படுத்துவோர் அதனோடு ‘தேன்’ சேர்ப்பதும் இதனால்தான், அதற்குரியது ‘டு’.

நூல் வகைகளும் அவற்றின் பெயர்களும்

தமிழ் வாசிப்பைக் கூற முனைவோர் திணறும் மற்றோர் இடம் நூல்வகைப் பெயர்கள். ‘தொடர்கதை’ என்பதை ‘ஸீரியல்’ என்று சொல்லி நிறுத்தினால், தொலைக்காட்சித் தொடர் என்றே பொருள்படும். வார இதழில் பகுதி பகுதியாக வெளிவந்த நாவல் என்று விரித்துரைக்க வேண்டும். இந்த விரிப்பு ஒரு குறையன்று. தெரியாத சொல்லை வேறு சொற்களால் விளக்கும் திறன் சொல்வள அளவுகோலில் இடம்பெறும் ஒன்று.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. பொன்னி என்பது காவிரி என்று சொன்னால்தான் தலைப்பே விளங்கும். சோழ இளவரசனை ஆற்றின் மகனாகக் காணும் தலைப்பு அது என்று விளக்கவே இருபது நொடி ஆகிவிடும். அந்த இருபது நொடியும் மனப்பாடமற்ற, பொருள் நிறைந்த பேச்சு. தேர்வாளர் அறியாத ஒன்றைத் தேர்வர் அறிவார் என்னும் நிலை இத்தகைய தேர்வில் அரிதாகவே வாய்க்கிறது. தமிழ்நூலைத் தேர்ந்தவருக்கு அது தொடக்கத்திலேயே வாய்த்துவிடுகிறது.

மலிவு விலை நாவல்களைப் படிப்போர் அதனை வெளியில் சொல்ல மேலும் தயங்குகின்றனர். பேருந்து நிலையக் கடையில் வாங்கிய ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதையைப் படிப்பாகக் கருதலாமா என்ற ஐயம் அவர்களுக்கு. ஆங்கிலத்தில் இவ்வகைக்கு ‘பல்ப் ஃபிக்ஷன்’ என்ற பெயரே உண்டு. மரக்கூழால் செய்த மலிவுத் தாளில் அச்சிடப்பட்டதால் வந்த பெயர் அது. நம் பேச்சு வழக்கில் ‘சாணித்தாள்’ என்பதும் ஏறக்குறைய அதே தாளைத்தான் குறிக்கிறது. தமிழின் இவ்வகைக் கதைகள் 2008இல் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகத்தால் ஆங்கிலத் தொகுப்பாகவே வெளியிடப்பட்டன. கொலையாளி யார் என்று எந்தப் பக்கத்தில் ஊகித்தார், அவ்வூகம் எப்படிப் பொய்த்தது என்று சொல்லும் தேர்வர், ஆங்கிலத்தின் இறந்தகால வடிவங்கள் பலவற்றைத் தம்மையறியாமலே பயன்படுத்தியிருப்பார்.

படக்கதை வாசகரும் அவ்வாறே. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’ பிரித்தானிய வார இதழ் ஒன்றில் வெளிவந்த படக்கதையின் தமிழ் வடிவம். சிவகாசியில் அச்சாகித் தமிழ்ச் சிறுவர்களிடம் வந்தடைந்த அந்நாயகனைத் தேர்வாளர் தம் இளமையில் வேறு பெயரில் அறிந்திருக்கவும் கூடும்.

பொதுக்கருத்துக்கு நகர்தல்

மூன்றாம் பகுதியில் ‘நான்’ விலகி ‘மக்கள்’ வர வேண்டும். சிறுவர்கள் முன்பைவிடக் குறைவாகப் படிக்கின்றனரா, நூலகங்களுக்கு அரசு செலவிட வேண்டுமா, அச்சு நூலுக்கு எதிர்காலம் உண்டா என்பன போன்ற வினாக்கள் இங்கு எதிர்பார்க்கத்தக்கவை. திறன்பேசி நன்மையும் தீமையும் உடையது என்னும் பொதுவிடையோடு பலர் நின்றுவிடுகின்றனர். தமிழ்நாட்டுத் தேர்வருக்கு அதனினும் திண்மையான செய்திகள் அருகிலேயே உள்ளன. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் இயற்றப்பட்ட முதற்சட்டம். அதற்குப் பின்னணியில் உழைத்த சீர்காழி இரா. அரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தவர். உள்ளாட்சிகள் சொத்து வரியோடு சேர்த்துப் பெறும் நூலக வரியால் ஊர்ப்புற நூலகங்கள் இயங்குகின்றன. நூலகத்திற்கு யார் பணம் தருவது என்ற வினாவிற்கு, ‘எங்கள் மாநிலத்தில் வீட்டு வரி செலுத்தும் ஒவ்வொருவரும் தருகின்றனர்’ என்று தொடங்கும் விடை விவாதத்தை உடனே ஒரு படி மேலே கொண்டு செல்லும்.

தேநீர்க்கடையில் ஒரே நாளிதழின் தாள்களைப் பிரித்துப் பலர் படிப்பதும் இவ்வகையில் பேசத்தக்க பொருள். 1942இல் மதுரையில் தொடங்கப்பெற்ற தினத்தந்தி எளிய நடையால் புதிதாக எழுத்தறிந்தோரையும் ஈர்த்தது. வாசிப்பு தனிமையில் நிகழ்வது என்று ஆங்கிலப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் கருதிக்கொள்கின்றன. தேநீர்க்கடை அக்கருத்தை மறுக்கும் ஒரு சான்று.

படிப்பதில்லை என்னும் விடை

வாசிப்புப் பழக்கமே இல்லாதவர் என்ன செய்வது என்பது பயிற்சி வகுப்புகளில் எழும் இயல்பான ஐயம். ‘இல்லை’ என்பது முழுமையான விடை; அதற்கு மதிப்பெண் குறைவதில்லை. ‘இல்லை’ என்று சொல்லி அமைதியாகிவிடுவதுதான் இழப்பு. இரவுப்பணி முடிந்து வரும் செவிலியர், நோயாளிகளின் குறிப்பேடுகளைப் பன்னிரண்டு மணி நேரம் படித்த பின் எந்த எழுத்தையும் பார்க்கத் தோன்றுவதில்லை என்று கூறினால், அதில் காரணமும் உண்டு, துணைவாக்கியமும் உண்டு, அவர் வாழ்வும் உண்டு. புலனச் செய்திகளையும் படத்தின் கீழ்வரும் வசனங்களையும் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்பவரும் அவ்வாறே தொடரலாம்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு முறையைப் பரிந்துரைக்கலாம். அட்டையில் உள்ள பொருளைப் பற்றி முதலில் தமிழில் இரண்டு நிமிடம் பேசி, கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது. ஆங்கிலத்தில் மட்டுமே பயில வேண்டும் என்னும் அறிவுரைக்கு இது மாறானது. எனினும் தமிழிலேயே நாற்பது நொடியில் பேச்சு தீர்ந்துவிட்டால், குறைவது ஆங்கிலம் அன்று, சொல்வதற்கான செய்தி. அப்போது நூலை மாற்ற வேண்டும். தமிழில் இரண்டு நிமிடம் போதாமல் பேச்சு நீண்டால், அந்நூலையே வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை மட்டும் தேடிக் குறித்துக்கொண்டு, வாக்கியங்களை எழுதாமல், மறுநாள் மீண்டும் பேசிப் பார்க்கலாம்.